கேளுங்கள், சொல்கிறோம்: ஸ்டூடியோவுக்குள் நெட்வொர்க் கேபிளில் ஒலி

மைக் கேபிள் கட்டுகளை விட்டுவிட்டு நெட்வொர்க் கேபிளில் ஒலியைக் கொண்டுபோவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலானவை டான்டே பற்றியவை. ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனம் உருவாக்கிய இந்த முறையைத்தான் இன்று பல நிறுவனங்களின் மைக் ப்ரீ (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பெட்டி), மிக்ஸர், கன்வெர்ட்டர் (ஒலியை டிஜிட்டலுக்கும் திரும்பவும் மாற்றும் பெட்டி) எல்லாம் பேசுகின்றன.

மதுரை வாசகர்: வீட்டு மாடியில் ஸ்டூடியோ கட்டுகிறேன். ஒரு கண்ட்ரோல் ரூம், ஒரு லைவ் ரூம், ஒரு வாய்ஸ் பூத். லைவ் ரூமில் 16 மைக், நாலு பேருக்கு ஸ்டீரியோ ஹெட்போன். சுவர் பூசுவதற்குள் எத்தனை கேபிள் இழுக்க வேண்டும்? எந்த மாதிரி ஸ்விட்ச்?

ஸ்விட்சை, அதாவது எல்லா நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் பெட்டியை, பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பூசிய சுவரை உடைக்க முடியாது. அதனால் கேபிளில் தாராளமாக இருங்கள். லைவ் ரூமுக்கு 4, பூத்துக்கு 3 கேட்6 கேபிள் இழுத்துவிடுங்கள். லைவ் ரூமில் ஒன்று மைக் ப்ரீ பெட்டிக்கு, ஒன்று அதே பெட்டியின் செகண்டரி போர்ட்டுக்கு, ஒன்று ஹெட்போன் பெட்டிக்கு, ஒன்று உதிரி. பூத்தில் ஒன்று ஒலிக்கு, ஒன்று சாதாரண இன்டர்நெட்டுக்கு, ஒன்று உதிரி. எல்லாமே ஸ்விட்ச் இருக்கும் ஒரே மூலையில் வந்து சேர வேண்டும். நடுவில் எங்கும் ஒட்டு வேண்டாம்.

சுவருக்குள் ஓடுவது ஒற்றைக் கம்பி உள்ள கேபிளாக இருக்கட்டும். இரண்டு முனையிலும் சுவர் சாக்கெட்டில் முடித்து, அங்கிருந்து கருவிக்குப் பல இழைக் கம்பி உள்ள பேட்ச் கார்டு போடுங்கள். சுவருக்குள் 90 மீட்டர், பேட்ச் கார்டுகள் எல்லாம் சேர்த்து 10 மீட்டர், ஆக 100 மீட்டர் என்பதுதான் எல்லை. மாடி ஸ்டூடியோவில் அதைத் தொட வாய்ப்பே இல்லை. சாக்கெட்டில் முடிக்கும்போது ஜோடிக் கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். வளைவுகளில் கேபிளின் தடிமனைப்போல் நான்கு மடங்காவது ஆரம் இருக்கட்டும். பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டினால் உள்ளே முறுக்கு நசுங்கும். வெல்க்ரோ பட்டை போதும். 230 வோல்ட் வயரோடு ஒரே குழாயில் போடவே கூடாது. குறுக்கே கடந்தே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

கடையில் கேபிள் வாங்கும்போதுதான் அதிகம் ஏமாறுகிறார்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு கொடுத்து, கேட்6 என்று அச்சடித்து, பாதி விலைக்கு விற்கிறார்கள். முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். இன்னும் உறுதியான சோதனை வேண்டுமென்றால் 100 மீட்டர் துண்டின் ஒரு முனையில் ஒரு ஜோடியை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு, மறுமுனையில் மல்டிமீட்டரால் ஓம் பாருங்கள். 19 ஓமுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியம் சாக்கெட்டின் கத்தியில் நிற்காமல் நாளடைவில் தளரும், கேபிள் வழியே கருவிக்கு மின்சாரம் கொடுத்தால் சூடாகும். புது ஸ்டூடியோவில் நன்றாக ஓடிய கேபிள் ஒரு வருடத்தில் விட்டுவிட்டு வேலை செய்வதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

இப்போது கணக்கு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் ஒரு சேனலுக்கு நொடிக்கு 48,000 × 24, அதாவது 1.15 மெகாபிட். டான்டே நான்கு சேனல்களை ஒரு ஃப்ளோவாகச் சேர்த்து அனுப்பும். ஒலி சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகத்தான் போகிறது; பாக்கெட்டின் முகவரித் தகவல்களும் சேர்ந்து ஒரு ஃப்ளோ சுமார் 6 மெகாபிட் ஆகிறது. உங்கள் 16 மைக்குக்கு 4 ஃப்ளோ, நாலு ஸ்டீரியோ ஹெட்போனுக்கு 2 ஃப்ளோ, மொத்தம் 36 மெகாபிட். 100 மெகாபிட் ஸ்விட்சே தாங்குமே என்று தோன்றும். தாங்கும்தான். ஆனால் இங்கே அளவைவிட நேரம் முக்கியம். கம்ப்யூட்டர் அனுப்பும் 1,500 பைட் பாக்கெட் ஒன்று 100 மெகாபிட் போர்ட்டைக் கடக்க 120 மைக்ரோ நொடி எடுக்கும். அதுவரை ஒலிப் பாக்கெட் பின்னால் காத்து நிற்கும். கிகாபிட்டில் அந்தக் காத்திருப்பு 12 மைக்ரோ நொடிதான். எனவே எல்லாப் போர்ட்டும் கிகாபிட்டாக இருக்கும், செட்டிங் மாற்றக்கூடிய ஸ்விட்சாக வாங்குங்கள். உங்களுக்கு மைக் ப்ரீ, ஹெட்போன் பெட்டி, பூத் பெட்டி, மானிட்டர் கன்வெர்ட்டர், கம்ப்யூட்டர் என்று 5 போர்ட் தேவை. 8 அல்லது 10 போர்ட் உள்ளதை, ஃபேன் இல்லாததாகப் பார்த்து எடுங்கள். அந்த ஸ்விட்சை யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். கண நேரம் கரண்ட் போய் வந்தாலும் ஸ்விட்ச் மறுபடி எழுந்து நிற்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், பாடிக்கொண்டிருந்த டேக் போய்விடும்.

சென்னை, வடபழனி வாசகர்: டப்பிங் ஸ்டூடியோவில் டான்டே போட்டு ஆறு மாதம் ஆகிறது. எப்போதாவது ஒரு "டிக்" சத்தம் பதிவாகிவிடுகிறது. சில நாள் வருவதே இல்லை, சில நாள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

கண்டபடி கேபிளைப் பிடுங்கி மாட்டாமல், டிக் யாருக்குக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரே மைக்கை இரண்டு வெவ்வேறு கருவிகளுக்கு அனுப்பிப் பதிவு செய்யுங்கள். ஒன்றில் மட்டும் டிக் வந்தால், அந்தக் கருவியின் போர்ட், அதன் பேட்ச் கார்டு, அல்லது அந்தக் கம்ப்யூட்டர்தான் குற்றவாளி. இரண்டிலும் ஒரே இடத்தில் வந்தால் அனுப்பும் பக்கமோ, எல்லாக் கருவிகளையும் ஒரே தாளத்தில் ஓட்டும் கிளாக்கோ காரணம்.

அடுத்து, பெறும் கருவியின் லேட்டன்சியை (பாக்கெட் வந்து சேர ஒதுக்கும் நேரம்) 1 மில்லி நொடியிலிருந்து தற்காலிகமாக 5-க்கு ஏற்றுங்கள். டிக் நின்றுபோனால், பாக்கெட்டுகள் தாமதமாக வந்து சேருகின்றன, நெட்வொர்க்கில் நெரிசல் என்று பொருள். 5-லும் தொடர்ந்தால் கிளாக் பக்கம் போங்கள். கருவிகளை இணைக்கவும் கண்காணிக்கவும் உள்ள டான்டே கண்ட்ரோலர் மென்பொருளில் ஒவ்வொரு கருவிக்கும் லேட்டன்சி பக்கத்தில் ஒரு பட்டை வரைபடம் இருக்கிறது. பட்டைகள் இடது ஓரமாகக் கூடி நின்றால் நலம். எல்லைக் கோட்டை நோக்கி வால் நீண்டிருந்தால் அந்தப் பாதையில்தான் சிக்கல். பலர் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை என்பது வருத்தம்.

நெரிசலுக்குப் பெரும்பாலும் ஸ்விட்சின் செட்டிங்தான் காரணம். டான்டே தன் பாக்கெட்டுகளுக்கு டிஎஸ்சிபி எண் ஒட்டி அனுப்புகிறது. எதை முதலில் அனுப்ப வேண்டும் என்று ஸ்விட்சுக்குச் சொல்லும் எண் அது. நேரம் சொல்லும் பாக்கெட்டுக்கு 56, ஒலிக்கு 46. ஸ்விட்சில் 56 முதல் வரிசை, 46 இரண்டாவது, மற்றவை எல்லாம் கீழே என்று வைத்து, வரிசை முறையை "ஸ்ட்ரிக்ட் பிரையாரிட்டி" என்று தேர்ந்தெடுங்கள். பல ஸ்விட்சுகள் பெட்டியிலிருந்து வரும்போது டிஎஸ்சிபி எண்ணைக் கண்டுகொள்வதில்லை. அதை நம்பும்படி தனியாகச் சொல்ல வேண்டும்.

கிளாக் பக்கம் என்றால் முதல் சந்தேகம் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட். போர்ட்டில் வேலை குறைந்தால் தூங்கி, பாக்கெட் வந்தால் விழிக்கும் மின்சேமிப்பு வசதி அது. விழிக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் முன்பின் ஆவதால், நேரப் பாக்கெட்டை நம்பி ஓடும் கருவிகளின் கிளாக் தடுமாறுகிறது. சில நாள் வருவதில்லை, சில நாள் வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதற்குப் பொருந்துகிறது. ஸ்விட்சில் எல்லாப் போர்ட்டிலும் இதை அணைத்துவிடுங்கள், விண்டோஸ் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டிலும் அணைக்க மறக்காதீர்கள். செட்டிங் இல்லாத மலிவு ஸ்விட்சில் இந்த வசதி இருந்தால் அதை அணைக்கவே முடியாது. அந்த ஸ்விட்சை ஒலிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

பிறகு கிளாக் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து யார் தலைவன் என்று பாருங்கள். ஒரே ஒரு கருவிதான் தலைவனாக இருக்க வேண்டும். எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் மைக் ப்ரீ அல்லது முதன்மைக் கன்வெர்ட்டருக்கு "ப்ரிஃபர்டு லீடர்" கட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தலைவனாக இருக்கும் பெட்டியை அணைத்ததும் வேறொரு பெட்டி தலைமைக்கு வரும், அந்த மாற்றத்தின்போது சத்தம் வரலாம். படத்துக்காக வெளியிலிருந்து வேர்டு கிளாக் (தனிக் கேபிளில் வரும் தாள சிக்னல்) கொடுக்கிறீர்கள் என்றால், அதை ஒரு கருவிக்கு மட்டும் கொடுத்து, அதில் மட்டும் வெளிக் கிளாக்கை ஏற்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய பழக்கத்தில் எல்லாப் பெட்டிக்கும் பிஎன்சி கேபிள் ஓட்டி, எல்லாவற்றையும் வெளிக் கிளாக்கில் வைத்திருக்கும் ஸ்டூடியோக்கள் உண்டு. அங்கே டிக் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கடைசியாக ஸ்விட்சின் விளக்கைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி விட்டுப்போனால் லிங்க் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கி, வேலை செய்வதுபோலவே காட்டிக்கொண்டிருக்கும். விளக்கின் நிறம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

திருச்சி வாசகர்: பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மிக்ஸரும் அதன் ஸ்டேஜ் பாக்ஸும் இருக்கின்றன. இரண்டிலும் ஆர்ஜே45 சாக்கெட்தான். நடுவில் கிகாபிட் ஸ்விட்ச் வைத்தால் வேலை செய்யவில்லை. நேராகக் கொடுத்தால் வருகிறது. ஏன்?

அந்த சாக்கெட்டில் ஓடுவது டான்டே அல்ல, ஏஇஎஸ்50 என்ற வேறொரு முறை. கேபிளும் பிளக்கும் ஈதர்நெட்டுடையவை, ஆனால் அந்தக் கேபிளுக்குள் ஓடுவது ஸ்விட்ச் வழியே செல்லக்கூடிய ஈதர்நெட் அல்ல. ஒரு திசைக்கு 48 சேனல், கருவிக்குக் கருவி நேரடி இணைப்பு, அவ்வளவுதான் அதன் வடிவம். எந்த விலை ஸ்விட்ச் வைத்தாலும் ஓடாது. டான்டே வேண்டுமென்றால் மிக்ஸருக்கு அதற்கான கார்டு தனியாக மாட்ட வேண்டும்.

ஏஇஎஸ்50-க்கு இன்னொரு நிபந்தனை உண்டு. கவசமுள்ள கேபிளும், இரு முனையிலும் அந்தக் கவசத்தோடு சேர்ந்த உலோக உறை பிளக்கும் கட்டாயம். கார்ப்பெட்டில் நடந்துவந்து ஒருவர் ரேக்கைத் தொட்டதும் ஒலி கண நேரம் அறுந்தால், கவசம் ஒரு முனையில் சேராமல் இருக்கிறது என்று அர்த்தம்.

கோவை வாசகர்: மல்ட்டிகோர் கேபிளில் (பல மைக் கேபிள்கள் ஒரே உறையில்) எப்போதும் ஹம் என்ற உறுமல் இருந்தது. டான்டேக்கு மாறினால் போய்விடுமா?

லைவ் ரூமுக்கும் கண்ட்ரோல் ரூமுக்கும் எர்த் வேறுபட்டதால் வந்த ஹம் என்றால் போய்விடும். ஈதர்நெட் போர்ட் ஒவ்வொன்றிலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. கவசமில்லாத கேபிளில் இரண்டு அறையின் எர்த்தும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஆனால் கவசக் கேபிள்தான் உயர்ந்தது என்று நினைத்து இரு முனையிலும் உலோக பிளக் போட்டால், அறுந்த எர்த் பாதையை நீங்களே மறுபடி இணைத்துவிடுகிறீர்கள். டான்டேக்கு சாதாரணக் கவசமில்லாத கேட்6 போதும். மேலே திருச்சி வாசகருக்குச் சொன்னதற்கு இது நேர்மாறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மைக்கிலோ, கிட்டார் ஆம்ப்பிலோ, மைக் ப்ரீக்கு முன்னால் நுழைந்த ஹம் மட்டும் அப்படியே பதிவாகும். நெட்வொர்க்கால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

யாழ்ப்பாண வாசகர்: கணினியில் டான்டே கண்ட்ரோலரைத் திறந்தால் ஒரு கருவியும் தெரியவில்லை. கேபிள், ஸ்விட்ச் எல்லாம் சரி.

பெரும்பாலும் ஐபி முகவரிதான். கருவிகள் தாமாக 169.254 என்று தொடங்கும் முகவரி எடுத்துக்கொண்டிருக்கும். கணினியின் நெட்வொர்க் கார்டில் யாரோ 192.168 என்று நிலையாக எழுதி வைத்திருப்பார்கள். அதைத் தானியங்கி முறைக்கு மாற்றுங்கள். கணினியில் வைஃபையும் இருந்தால், கண்ட்ரோலர் எந்த இணைப்பைப் பார்க்க வேண்டும் என்று அதன் செட்டிங்கில் கேபிள் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். பிறகும் தெரியாவிட்டால் ஃபயர்வாலை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள்.

கருவிகள் தெரிந்து, இணைத்தும் பச்சை டிக் வராமல் எச்சரிக்கை காட்டினால் சாம்பிள் ரேட்டைப் பாருங்கள். ஒன்று 44.1, மற்றது 48 என்றால் இணையாது. எல்லாவற்றையும் 48-க்குக் கொண்டுவருவது நல்லது, சினிமா வேலைக்கும் அதுதான் தேவை. இன்னொன்று: இணைப்பு கருவியின் பெயரையும் சேனலின் பெயரையும் நம்பித்தான் நிற்கிறது. அனுப்பும் கருவியின் பெயரை அழகுக்காக மாற்றினால் எல்லா இணைப்பும் அறுந்துபோகும். பெயரை முதல் நாளே வைத்துவிட்டு, இணைப்பை அதன்பிறகு கொடுங்கள். இணைப்பு விவரம் பெறும் கருவிக்குள்ளேயே சேமிக்கப்படுவதால், கரண்ட் போய் வந்தாலும், கணினியே இல்லாவிட்டாலும் அது தானாகத் திரும்பி வரும்.

சேலம் வாசகர்: கருவியின் பின்னால் பிரைமரி, செகண்டரி என்று இரண்டு போர்ட். இரண்டையும் ஒரே ஸ்விட்சில் மாட்டினேன். ஸ்டூடியோ முழுக்க நின்றுவிட்டது.

அந்தக் கருவி "ஸ்விட்ச்டு" முறையில் இருந்திருக்கிறது. அந்த முறையில் இரண்டு போர்ட்டும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்த சின்ன ஸ்விட்ச். இரண்டையும் வெளி ஸ்விட்சில் மாட்டினால் வளையம் உருவாகி, ஒரே பாக்கெட் சுற்றிச் சுற்றிப் பெருகி, எல்லாப் போர்ட்டும் அடைத்துக்கொள்ளும். ஒரு கேபிளைப் பிடுங்கினாலே சரியாகிவிடும்.

மாற்றுப்பாதைதான் நோக்கம் என்றால், கருவியை "ரிடண்டன்ட்" முறைக்கு மாற்றுங்கள். பிரைமரிக்கு ஒரு ஸ்விட்ச், செகண்டரிக்கு முற்றிலும் வேறொரு ஸ்விட்ச், இரண்டுக்கும் நடுவே எந்தக் கேபிளும் கூடாது. செகண்டரி பக்கத்தின் முகவரிகள் 172.31 என்று தொடங்கும். பிரைமரி பக்கத்தில் அப்படியொரு முகவரி தெரிந்தால் எங்கோ இரண்டும் கலந்திருக்கின்றன. இரண்டு ஸ்விட்சையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் மாற்றுப்பாதைக்கு அர்த்தமில்லை.

சமூக வானொலி ஒன்றிலிருந்து: எங்களிடம் ஒரு அறையில் ரவென்னா (டான்டே போன்ற இன்னொரு முறை) கருவிகள், இன்னொன்றில் டான்டே. இரண்டுக்கும் பொதுவான ஏஇஎஸ்67 முறை மூலம் இணைத்தோம். ஒலி வருகிறது, நாலைந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது.

"நாலைந்து நிமிடம்" என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. ஏஇஎஸ்67 வழியே டான்டே அனுப்புவது மல்டிகாஸ்ட், அதாவது ஒரே ஒலியைப் பலருக்கும் பொதுவாக அனுப்பும் முறை. யாருக்கு வேண்டும் என்று பார்த்து அவர்கள் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் வேலையை ஸ்விட்சின் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் செய்கிறது. "இன்னும் வேண்டுமா" என்று 125 நொடிக்கு ஒருமுறை கேட்க க்வெரியர் என்று ஒருவர் வேண்டும். அவர் இல்லாவிட்டால், வழக்கமான செட்டிங்கில் 260 நொடி கழித்து ஸ்விட்ச் பட்டியலை அழித்துவிடும். ஒலி நின்றுபோகும். மைய ஸ்விட்ச் ஒன்றில் மட்டும் க்வெரியரை இயக்குங்கள்.

மற்றவற்றையும் சரிபாருங்கள். டான்டே கருவியில் ஏஇஎஸ்67 முறையை இயக்கியபின் அதை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே, ஒரு ஃப்ளோவில் அதிகபட்சம் 8 சேனல். முகவரி 239.69 என்று தொடங்குவதை இரு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும். டிஎஸ்சிபி எண்ணில் ஒரு மோதல் இருக்கிறது: ஏஇஎஸ்67 வழக்கத்தில் நேரப் பாக்கெட்டுக்கு 46, ஒலிக்கு 34. டான்டேயில் 46 என்பது ஒலி. அப்படியே விட்டால் ரவென்னாவின் நேரப் பாக்கெட், டான்டேயின் ஒலிப் பாக்கெட்டுகளோடு ஒரே வரிசையில் முட்டி மோதும். ரவென்னா கருவியில் எண்ணை மாற்ற வசதி இருந்தால் நேரத்துக்கு 56, ஒலிக்கு 46 என்று டான்டேக்கு ஒப்ப மாற்றிவிடுங்கள்.

தஞ்சை வாசகர்: டான்டே வெர்ச்சுவல் சவுண்ட்கார்டு போட்டுப் பதிவு செய்கிறோம். பாடகர் தன் குரல் ஹெட்போனில் பின்தங்கி வருகிறது என்கிறார்.

அவர் சொல்வது சரி. கம்ப்யூட்டரையே ஒரு டான்டே கருவியாக்கும் அந்த மென்பொருளின் மிகக் குறைந்த லேட்டன்சி 4 மில்லி நொடி. மைக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு 4, பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் அளவு) 128 சாம்பிள் என்றால் உள்ளே 2.7, வெளியே 2.7, திரும்பி ஹெட்போன் பெட்டிக்கு 4. மொத்தம் 13 மில்லி நொடிக்கு மேல். ஹெட்போன் பெட்டியில் 1 மில்லி நொடி என்று வைத்திருந்தாலும், அனுப்பும் கம்ப்யூட்டரின் 4-தான் அங்கே செல்லுபடியாகும். பாடகரின் குரலைக் கம்ப்யூட்டருக்குள் விட்டுத் திருப்பாதீர்கள். மைக் ப்ரீயிலிருந்து நேராக ஹெட்போன் மிக்ஸருக்கு ஒரு இணைப்பு கொடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து இசையை மட்டும் அனுப்புங்கள். பதிவு மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும்.

நெல்லை வாசகர்: கேபிள் இழுக்க வழியில்லாத ஒரு அறைக்கு டான்டேயை வைஃபையில் அனுப்பலாமா?

கூடாது. வைஃபையில் பாக்கெட் எப்போது வந்து சேரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மின்சார வயர் வழியே நெட்வொர்க் கொடுக்கும் அடாப்டருக்கும் இதே பதில். அதோடு, வைஃபை பெட்டியை ஒலி ஸ்விட்சில் மாட்டவும் வேண்டாம். ஸ்னூப்பிங் இல்லாவிட்டால் மல்டிகாஸ்ட் முழுவதும் அதில் கொட்டி, அறையில் எல்லோருடைய வைஃபையும் திணறும். அந்த அறைக்குத் தரையோரம் ஒரு டக்ட் ஒட்டி, கேபிளையே கொண்டுபோங்கள்.